ஒரே கடற்கரையில் இரண்டு பௌர்ணமிகள்

செங்கல்பட்டிலோ மறைமலை நகரிலோ வாடகைக்கு வீடு தேடிப் போகும் இளம் இணையரிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" இரண்டாவது, "சொந்த ஊர் எது?" ஊர்ப் பெயரைச் சொன்னதும் மூன்றாவது வரும்: "ஊர்லயா, காலனியிலயா?" முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி யாரும் சாவி வாங்கியதை நாங்கள் பார்த்ததில்லை. திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களைப் பற்றி ஒழுக்கம், பண்பாடு, தமிழர் மரபு என்று மேடைகளில் பேசக் கேட்கும்போதெல்லாம் இந்த வரிசைதான் எங்களுக்கு நினைவு வருகிறது. மூன்றாவது கேள்வியைக் கேட்பதற்காகவே முதல் கேள்வி கேட்கப்படுகிறது என்பது எங்கள் கருத்து. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் இந்த மாவட்டத்தில் சமூகப் பணி செய்கிறவர்கள். சேர்ந்து வாழ்தல் என்றதும் தொலைக்காட்சி விவாதங்கள் ஐ.டி. கம்பெனி, அடுக்குமாடிக் குடியிருப்பு, மேல்நாட்டு மோகம் என்று காட்டுகின்றன. எங்களைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் இல்லை. தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை, ஜவுளிக்கடை, செவிலியர் பணி என்று மாதம் சில ஆயிரங்கள் சம்பாதிக்கிற பிள்ளைகள். திருமணத்தை வேண்டாம் என்று கொள்கையாகச் சொல்கிறவர்கள் அவர்களில் ஒருசிலர்தான். அக்காவுக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. பதிவு அலுவலகத்துக்குப் போனால் வீட்டுக்குத் தகவல் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று பயந்து ஓர் அறைக்குள் ஒடுங்கிக் கிடப்பவர்கள்தான் அதிகம். அந்தக் கடைசி வகையினருக்குச் சேர்ந்து வாழ்வது நாகரிகமும் அல்ல, புரட்சியும் அல்ல. வேறு போக்கிடம் இல்லாததால் கிடைத்த இடம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாலி இல்லாமல் ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பது தமிழ் மண்ணுக்கே புதியது என்று சொல்கிறார்கள். மாமல்லபுரம் கடற்கரைக்கு மாசி மகத்தன்று போய்ப் பாருங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களிலிருந்து இருளர் பழங்குடி மக்கள் வந்து சேருகிறார்கள். புடவையையும் தார்ப்பாயையும் கட்டி மணலில் கூடாரம் போட்டுப் பௌர்ணமி இரவைக் கழிக்கிறார்கள். விடியலில் கடலோரம் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். அங்கேயே பெண் பார்க்கிறார்கள், காது குத்துகிறார்கள், கல்யாணமும் நடத்துகிறார்கள். மண்டபமும் இல்லை, ஐயரும் இல்லை, ஃப்ளெக்ஸ் பேனரும் இல்லை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த மக்கள் அவர்கள். நாங்கள் அறிந்த சில இணையர் மூன்று நான்கு வருடம் ஒரே குடிசையில் வாழ்ந்து, பிள்ளையும் பெற்று, பிறகு ஒரு மாசி மகத்துக்கு வந்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். பிள்ளை இடுப்பில் உட்கார்ந்து அம்மா கல்யாணத்தைப் பார்த்தது. கூட்டத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதே கடற்கரைக்கு இரண்டு மாதம் கழித்து இன்னொரு பௌர்ணமி வருகிறது. சித்திரை முழுநிலவு நாளில் வன்னியர் சங்கமும் பாமகவும் மாமல்லபுரத்தில் நடத்திய மாநாட்டைத்தான் சொல்கிறோம். 2012 மே மாதம் நடந்த விழாவில் காடுவெட்டி குரு சாதி கடந்த திருமணங்களுக்கு எதிராகப் பேசியது பரவலாகப் பதிவான செய்தி. அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் குடியிருப்புகள் எரிந்தன. 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன. இளவரசனும் திவ்யாவும் திருமணம் செய்துகொண்டதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2013 ஏப்ரலில் அடுத்த மாநாட்டு நாளன்று மரக்காணத்தில் தலித் மக்களின் குடிசைகள் எரிந்தன. அதன்பின் நின்றுபோன மாநாடு, 12 ஆண்டுகள் கழித்து 2025 மே 11 அன்று மாமல்லபுரத்தை அடுத்த திருவிடந்தையில் மறுபடி நடந்தது. திருவிடந்தை எந்த ஊர் தெரியுமல்லவா? நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் ஊர். தினம் ஒரு கன்னியை மணந்தார் என்று தலபுராணம் சொல்லும் சாமி. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு பிராகாரம் சுற்றும் கோயில். சாமிக்குத் தினம் ஒரு கல்யாணம் ஆகலாம். ஆனால் நம் பிள்ளைகள் தங்கள் விருப்பப்படி ஒன்று செய்துகொள்ள முடியாது.

சேர்ந்து வாழ்கிறவர்களைப் பார்த்து, "முறைப்படி ஒரு தாலியைக் கட்டிக்கிட்டா யாரு கேக்கப் போறா?" என்கிறார்கள். முறைப்படி கட்டியவர்களுக்கு என்ன நடந்தது? விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் முருகேசனும் கண்ணகியும் பதிவுத் திருமணம் செய்தவர்கள். 2003 ஜூலை 8 அன்று இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். இளவரசன் 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். சங்கரும் கௌசல்யாவும் திருமணமானவர்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். தாலி இவர்கள் யாரையும் காப்பாற்றவில்லை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். கோகுல்ராஜ் திருமணமும் செய்யவில்லை, யாரோடும் சேர்ந்தும் வாழவில்லை. உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். 2015 ஜூன் 23 அன்று அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர் மறுநாள் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தார். பாளையங்கோட்டையில் 2025 ஜூலை 27 அன்று கொல்லப்பட்ட கவின் செல்வகணேஷும் திருமணம் ஆகாதவர்தான். பேசினாலும் கொலை, காதலித்தாலும் கொலை, பதிவு செய்தாலும் கொலை என்றால் பிரச்சினை தாலி இருக்கிறதா இல்லையா என்பதில் எப்படி இருக்க முடியும்?

வகுப்பறையில் நாங்கள் அகமணம் என்ற சொல்லைப் படித்தபோது அது தேர்வுக்கு உரிய சொல்லாக இருந்தது. களத்துக்கு வந்த பிறகுதான் அதன் எடை தெரிந்தது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தபோது அம்பேத்கருக்கு வயது 25. சாதியின் சாரம் அகமணம்தான் என்று அவர் அதில் நிறுவினார். சாதிக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்றால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனை இழந்த பெண் வெளியே துணை தேடினால் அந்தக் கணக்கு உடையும். அதனால்தான் உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் வந்தன என்று விளக்கினார். பெண்ணின் உடலைக் காவல் காப்பதும் சாதியைக் காவல் காப்பதும் ஒரே வேலை என்பது அதன் பொருள். இரண்டாம் மணத்தை அனுமதித்த சாதிகளை 'அறுத்துக் கட்டுற சாதி' என்று இழிவாகச் சொல்லும் வழக்கு இன்றும் கிராமங்களில் இருக்கிறது. பெண்ணுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கொடுத்த சமூகத்தை அதைச் சொல்லியே தாழ்த்தியிருக்கிறார்கள்.

பொதுச் சமூகம் தாலி இல்லாத உறவை எல்லா இடத்திலும் எதிர்க்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஆதிக்க சாதி ஆண் ஒருவன் காலனிப் பெண்ணோடு பத்து வருடம் உறவு வைத்திருந்தால் ஊர் அதைத் தெரிந்தும் தெரியாதது போல இருக்கும். அவனை யாரும் வெட்ட மாட்டார்கள். அவளுக்கு மட்டும் 'வைப்பு' என்று ஒரு பெயர் வைப்பார்கள். அதே உறவு திசை மாறி, காலனிப் பையனும் ஊர்ப் பெண்ணும் என்று ஆகும்போதுதான் அது பண்பாட்டுச் சீரழிவு, நாடகக் காதல். தாலி இல்லாத உறவு முதல் இடத்தில் ஆம்பளை சமாச்சாரம், இரண்டாம் இடத்தில் மரண தண்டனைக்குரிய குற்றம். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் போதும், பண்பாட்டுப் பேச்சின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதைச் சொல்லும் நம் இயக்கங்களின் வரலாற்றையும் இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2005 செப்டம்பரில் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய பாலுறவு பற்றி இந்தியா டுடே இதழில் சொன்ன கருத்துக்காகத் தமிழகம் முழுக்கப் போராட்டம் நடந்தது. பாமகவினரும் விடுதலைச் சிறுத்தைகளும் அதில் ஒரே பக்கம் நின்றார்கள். துடைப்பமும் செருப்பும் தூக்கப்பட்டன. 23 வழக்குகள் தொடுக்கப்பட்டன. தமிழ்ப் பெண்களின் கற்பைக் காப்பதாகச் சொன்னார்கள். ஏழே ஆண்டில், பெண்ணின் மானத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே தர்மபுரியில் நம் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கற்பு என்ற ஆயுதத்தை நாம் கையில் எடுத்தால் அது யாருக்கு எதிராகத் திரும்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த 23 வழக்குகளையும் உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரல் 28 அன்று ரத்து செய்தது. வயது வந்த இருவர் திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்பதையும் அத்தீர்ப்பு உறுதி செய்தது. அந்த அமர்வுக்குத் தலைமை ஏற்றவர் கே.ஜி. பாலகிருஷ்ணன், இந்தியாவின் முதல் தலித் தலைமை நீதிபதி.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2019-ல் கோவையில் திருமணமாகாத இணையர் தங்கியிருந்ததைக் காரணம் காட்டிச் சீல் வைக்கப்பட்ட விடுதி வழக்கில், அவர்கள் அறை எடுத்துத் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சட்டம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஓர் இரவுக்கு ஐந்தாயிரம், பத்தாயிரம் வாங்கும் ரிசார்ட்டில் ஆதார் அட்டையை நகல் எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு சாவி கொடுப்பார்கள். எண்ணூறு ரூபாய் லாட்ஜில் இரண்டு ஆதாரிலும் ஒரே முகவரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறைக்கே காசில்லாமல் சவுக்குத் தோப்பு ஓரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம், "தாலி எங்க? அப்பா நம்பரைக் குடு" என்பார்கள். ஒரு நிமிட போன்தானே என்று நினைக்கலாம். சாதி கடந்த இணையர் என்றால் அந்த ஒரு போன் கொலைக்கான முகவரியாகிவிடும்.

நம் வீடுகளுக்குள்ளும் இந்தப் பேச்சு எளிதாக நடப்பதில்லை. "நாமளே இப்படி இருந்தா ஊர்க்காரன் எப்பிடி மதிப்பான்?" என்று நம் பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒழுக்கமாக இருந்து காட்டினால் மதிப்பு வரும் என்று நம்புகிறார்கள். அதற்காகவே மண்டபம், சீர்வரிசை, பேனர் என்று குழுக்கடனும் கந்துவட்டியும் வாங்குகிறார்கள். ஒரு நாள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை ஐந்து வருடம் கட்டும் குடும்பங்கள் எங்கள் பட்டியலில் நிறைய. அப்படிக் கட்டியும் மதிப்பு வந்ததா என்றால் இல்லை.

ஆனால் நம் அம்மாக்களின் பயம் வேறு வகையானது. அதைப் பிற்போக்கு என்று தள்ளக் கூடாது. "கயிறு இல்லாம கூட்டிட்டுப் போனவன் நாளைக்கு விட்டுட்டுப் போனா யாரும்மா கேப்பாங்க?" என்று ஓர் அம்மா எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் பல தலைமுறை அனுபவம் இருக்கிறது. வேலை செய்த வீட்டிலும் வயலிலும் வாக்குறுதி கொடுத்துக் கைவிட்டவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சேர்ந்து வாழும் உரிமையை நாம் பேசினால், கைவிடப்பட்ட பெண்ணின் உரிமையையும் அதே மூச்சில் பேச வேண்டும்.

அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணத்தின் தன்மையிலான உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் நம் கோவையிலிருந்து போன வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் சில நிபந்தனைகளை வகுத்தது. இருவரும் திருமண வயதை அடைந்தவர்களாகவும், மணம் செய்யத் தகுதி உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். விரும்பி, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதோடு, கணவன் மனைவி போலச் சமூகத்தின் முன் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நம் பெண்கள் விழுகிறார்கள். ஆதிக்க சாதி ஆண் அவளை ஊருக்குக் காட்டவே மாட்டான். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கூட்டிப்போக மாட்டான். அக்கம்பக்கத்தில், "தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணு" என்பான். சாதியின் பொருட்டு அவன் அவளை மறைத்து வைத்தான். நாளை நீதிமன்றத்தில் அந்த மறைப்பே அவனுக்குச் சாதகமாகும். சமூகத்தின் முன் மனைவியாகக் காட்டவில்லையே, பிறகு எப்படி இது திருமணத்தின் தன்மையிலான உறவு என்று அவன் வழக்கறிஞர் கேட்பார். சாதிக் காரணத்துக்காக மறைக்கப்பட்ட உறவில், மறைத்தவனுக்கு அந்த மறைப்பின் பலன் போகக் கூடாது என்ற வாதத்தை நம் வழக்கறிஞர்கள் கூர்மையாக்க வேண்டும். 2013-ல் இந்திரா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சேர்ந்து வாழ்ந்த காலம், ஒரே வீடு, பணத்தைப் பகிர்ந்தது, பிள்ளைகள் என்று பல அளவுகோல்களைச் சொல்லியிருக்கிறது. பிடித்துக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது.

பதிவு செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். உத்தரகாண்டில் 2025 ஜனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த பொது உரிமையியல் சட்டத்தில் சேர்ந்து வாழ்கிறவர்கள் பதிவு செய்வது கட்டாயம். ஒரு மாதத்துக்குள் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. பதிவு விவரம் காவல் நிலையத்துக்குப் போகும். 21 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோருக்கும் தகவல் போகும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்பே எத்தனை பேருக்கு ஆபத்தாக முடிகிறது என்று களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒளிந்திருப்பவரின் முகவரியை அரசே எழுதி வைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொல்ல முடியாது.

இந்த மண்ணில் வேறொரு மரபும் இருக்கிறது. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது இதே செங்கல்பட்டில்தான். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, மணவிலக்கு உரிமை, சாதி பாராமல் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். 1967-ல் சுயமரியாதைத் திருமணம் சட்டமானது. அந்தத் திருமணத்துக்கு ஊரறிய விழாவோ அறிவிப்போ கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் எல்லோராலும் உடனே திருமணம் செய்ய முடியாது, எல்லோருக்கும் அது விருப்பமும் இல்லை. அவர்களும் உயிரோடு இருக்க வேண்டும்.

சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம் அமைப்பது பற்றிச் சொன்னபோது திருமணமான இணையரை மட்டும் சொல்லவில்லை. குடும்பமும் சமூகமும் எதிர்க்கும் திருமணமாகாத இணையரையும் சேர்த்தே சொன்னது. ஆனால் பாதுகாப்பு கேட்டுப் போன ஒரு காவல் நிலையத்தில் எங்களிடம் முதலில் கேட்டது திருமணச் சான்றிதழ். அது இல்லை என்றதும் இரண்டு பக்கப் பெற்றோரையும் வரச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பின் நகலோடு வழக்கறிஞர் வந்த பிறகுதான் பேச்சு மாறியது. அதனால் அந்த நகல் இப்போது எங்கள் பையில் எப்போதும் இருக்கிறது. உங்கள் பையிலும் இருக்கட்டும்.

சேர்ந்து வாழும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். மருத்துவமனைச் சீட்டு, கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு, பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நம்பிக்கை இல்லை என்பதற்காக அல்ல. உங்களை மறைக்க யாராலும் முடியக் கூடாது என்பதற்காக. சிக்கல் வந்தால் 181-ஐ அழையுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தச் சட்டம் எப்போது வந்தாலும் அதன் முதல் வரையறையை நாம் பார்க்க வேண்டும். 'திருமணம் செய்துகொண்டவர்கள்' என்று மட்டும் எழுதிவிட்டால் கோகுல்ராஜும் கவினும் அதற்குள் வர மாட்டார்கள். மறைமலை நகரில் ஓர் அறைக்குள் ஒடுங்கியிருக்கும் பிள்ளைகளும் வர மாட்டார்கள். காதலிக்கிறவர், சேர்ந்து வாழ்கிறவர், பழகுகிறார் என்று சந்தேகிக்கப்படுகிறவர் எல்லோரும் அந்த வரையறைக்குள் வர வேண்டும். கல்லூரியிலும் தெருமுனையிலும் சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலிலும் நாம் கேட்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.